துவைத்துப் போட்ட படங்கள்

காலையில் தறிக்கொட்டகையில் கொடிக்கயிறு வெறுமையாகத் தொங்கியது. நேற்று மாலை, துணியில் கரியால் வரைந்த நான்கு படங்களையும் அதில்தான் மாட்டியிருந்தேன். நாளைச் சாயங்காலம் சேலத்தில் சித்திரக் கண்காட்சி.

"அம்மா, இங்கே கெடந்த துணியெல்லாம் எங்கே?"

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "அந்தக் கரித்துணியா? நேத்து ராத்திரியே தொவச்சுப்போட்டேன். நல்ல துணியை இப்படியா கரியிலே பொரட்டி வெப்பே?"

"அதிலே மொகம் இருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது. மூக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. துணிக்கு எதுக்குடி மூக்கு?"

நெசவுக்காரர் வீட்டில் பசை ஏறிய துணி தண்ணீருக்குப் போயே தீரும். கரி வேறு பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மாவின் கை அப்படிப் பழகிய கை. துணியில் மூக்கு இருந்தால் என்ன, நாக்கு இருந்தால் என்ன.

யுத்தம் வந்து காகிதம் கிடைக்காமல் போனது. சென்னையில் பி.ஏ. முடித்து ராசிபுரம் திரும்பியவள் படம் போட என்ன செய்வாள்? தறியில் மிஞ்சிய அறுந்த நூலை முடிச்சுப் போட்டு நானே துணி நெய்தேன். சோற்றுக்கே அரிசி அளந்துதான் கொடுக்கிறார்கள். துணிக்கு ஏது கஞ்சி? புளியங்கொட்டையை வறுத்து அரைத்துப் பசை காய்ச்சிப் பூசினேன். காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியை மண்ணால் பூசி, அடுப்பில் போட்டுக் கரிக்குச்சி செய்தேன். உடைந்த தறிக்கால் மூன்றைச் சேர்த்து ஆணியடித்ததுதான் படம் நிறுத்தும் சட்டம். அது ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்று கொட்டகை எங்களுடையது. நான், பக்கத்து வீட்டுச் சாலம்மாள், அவள் நாத்தனார் ராஜம்மாள், எங்கள் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றித்தர வரும் பூவாத்தாள். ஒருத்தி உட்காருவாள், மூன்று பேர் வரைவோம். நாலு அமாவாசை, நாலு படம்.

இடம் கேட்டுச் சேலம் போனபோது கண்காட்சிச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பொம்பளைகளா? கோலமா?" பிறகு, ஏதோ பிச்சை போடுவதுபோல, ஒரு சுவரில் இடம் தந்தார். "சொன்ன நாளில் வரவில்லையென்றால் இனிமேல் கேட்டு வராதீர்கள்."

"துணி இப்ப எங்கே?" என்று மறுபடி கேட்டேன்.

"பூவாத்தாளுக்குக் குடுத்துப்போட்டேன். கடையிலே ஒரு முழம் துணி கெடைக்குதா? மாத்துச்சேலை இல்லாம ஈரத்தோட நிக்கிறா பாவம். நாலையும் மூட்டிக் கட்டிக்கன்னு சொன்னேன்."

சொல்லி வாய் மூடவில்லை, பூவாத்தாளே வந்தாள். பின்னால் சாலம்மாளும் ராஜம்மாளும். பூவாத்தாள் உடம்பில் எங்கள் நாலு பேர் முகமும் வெளுத்துப்போய்ச் சுற்றிக் கிடந்தது. புதுச்சேலை கட்டிய சந்தோஷம் அவள் முகத்தில். என் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"அம்மிணி, படமெல்லாம் போட்டாச்சு, இனி வேண்டாம்னு குடுத்தீங்களாக்கும்னு நெனச்சேனுங்க. தையலைப் பிரிச்சுக் குடுக்கட்டுங்களா?"

"பிரிச்சு? அதிலே இப்ப என்ன இருக்கு, பிரிக்க?" கத்திவிட்டேன். அவள் மேல் கத்தி என்ன பயன்? அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ராஜம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்: "அடுத்த வருசம் பாத்துக்கலாம் அக்கா..."

"அடுத்த வருசம் அந்த ஆள் வாசல்லேயே கோலமான்னு சிரிப்பான்."

இனி எதில் வரைவது? சுற்றிப் பார்த்தேன். மண்சுவர். தறி. கதவு. பழங்காலத்துக் குடுமிக் கதவு, ஆணியில்லை, கீலில்லை. தூக்கினால் குடுமி குழியிலிருந்து கழன்று வந்துவிடும்.

"சாலா, அந்தப் பக்கம் பிடி."

நாலு பேரும் தூக்கினோம். முற்றத்தில் கிடத்தி, பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த சுண்ணாம்பைக் குழைத்து அடித்தேன். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று. உச்சி வெயில் எங்களுக்காகத்தான் அடித்தது.

அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நெற்றியில் விபூதி, கண்ணில் நெருப்பு. "கதவைக் கழட்டிப்போட்டு என்ன புள்ளெ பண்றே? தறியிலே பாவு நூல் பூட்டியிருக்குது. நாய் பூந்தா எவன் பாக்கறது?"

"அம்மாவைக் காவலுக்கு வெய்யுங்க. ஒரு நூல் அழுக்கா இருந்தாக்கூட உடமாட்டாங்க."

"படிக்க வெச்சதுக்கு நல்லாப் பேசறே. கதவை எப்படிக் கொண்டுபோவே, தலையிலேயா?"

"நாளைக்குக் காலையிலே கருப்பண்ணன் வண்டி நூலெடுக்கச் சேலம் போகுது. அதிலே கதவு போகும். நானும் போறேன்."

அப்பா கதவில்லாத வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பாயை எடுத்துவந்து வாசலுக்குக் குறுக்கே கட்ட ஆரம்பித்தார். முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

பூவாத்தாளை உட்கார வைத்தேன். இடது பக்கம் சாலம்மாள், வலது பக்கம் ராஜம்மாள், நடுவில் நான். ஒரே கதவில் கரிக்குச்சியோடு மூன்று கைகள். முழங்கை முழங்கையை இடித்தது. நாலு மாசமாகத் தேடித் தேடி வந்த கோடு ஒரு பகலில் வருமா? வரவில்லை. நெற்றி அகலமாகிவிட்டது. கழுத்து கழுத்தாக இல்லை. ஆனால் சேலையின் மூட்டுத்தையல் நன்றாக வந்தது. நாலு துண்டு, மூன்று தையல். அதைக் கோபத்தோடு அழுத்திப் போட்டேன்.

வெயில் தாழ்ந்தபோது கதவைச் சுவரில் சாய்த்து வைத்தோம். பூவாத்தாள் நெருங்கி வந்து பார்த்தாள். "சேலை நல்லா இருக்குதுங்க," என்றாள். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். ஈரத்துணியோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஓரத்திலே கரி அப்பியிருக்குது புள்ளெ. அதை மட்டும்..."

"தொடாதே!"

அம்மா அசையவில்லை. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் கதவுக்கு முதுகு காட்டாமல், அம்மாவுக்கும் முதுகு காட்டாமல், பக்கவாட்டில் நின்றேன். விடிந்து வண்டி வரும்வரை அப்படியே நிற்க வேண்டும் போலிருந்தது.