படியில் விழுந்ததாக

அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். கருவிகளைக் கழுவி அடுக்குவது, டாக்டர் சொல்லச் சொல்ல நோயாளியின் அட்டையில் எழுதுவது. பதினான்கு வருடமாக அதுதான் வேலை.

அவளுடைய அண்ணன் இறந்து ஆறு வருடமாகிவிட்டது. கொன்றது அண்ணி. சமையலறையில் தன் கழுத்தை அவன் நெரித்தபோது கைக்கு அகப்பட்ட கத்தியால் குத்திவிட்டாள். பதினெட்டு வருடத் தண்டனை. அந்த விசாரணையில் தங்கையையும் கூண்டில் ஏற்றினார்கள். "எங்க அண்ணன் கை நீட்டி நான் பார்த்ததில்ல" என்றாள். அது பொய்யில்லை. அவள் பார்த்ததில்லைதான்.

ஒரு நாள் அண்ணியின் வக்கீல் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. வேறு இடமில்லாததால் நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டு, வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணி விஷயமா வந்தேன். புதுச் சட்டம் ஒண்ணு வந்திருக்கு. வீட்ல அடிவாங்கினதுதான் குத்தத்துக்குக் காரணம்னு காட்டினா தண்டனையைக் குறைக்கலாம். இங்க மூணு தடவை வைத்தியத்துக்கு வந்தாங்களாமே?"

டாக்டரைக் கேட்டுக்கொண்டு அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். முதல் தடவை முன்பல் பாதியாக உடைந்திருந்தது. அடுத்த தடவை தாடையில் விரிசல். கடைசித் தடவை கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. மூன்று இடத்திலும் அவளுடைய கையெழுத்தில் ஒரே வரி: படியில் விழுந்ததாகச் சொல்கிறார்.

வக்கீலின் முகம் வாடிவிட்டது. "இது நமக்கு எதிராவே திரும்புமே."

"அட்டை மட்டும் போனா திரும்பும். நானும் வரேன்" என்றாள் அவள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"செத்தவன் உன் கூடப் பொறந்தவன்டி. அவனால வாயைத் திறந்து பதில் சொல்ல முடியுமா?"

"அண்ணியோட வாயை நான் மூணு தடவை திறந்து பார்த்திருக்கேம்மா."

அம்மா மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள்.

கோர்ட்டில் நீதிபதி அட்டையைப் புரட்டினார். "இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க ஐயா. அவங்க சொன்னதை அப்படியே எழுதினேன். ஆனா அண்ணனும் அண்ணியும் குடியிருந்த வீட்ல படியே கிடையாது. வாசல்லகூட ஒரு படி இல்ல. நான் பொறந்து வளர்ந்த வீடு அது."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "வேற எங்கயாவது விழுந்திருக்கலாமே?"

"எந்தப் படின்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா எங்க அண்ணன் பேர் வந்துடும்னு தெரியும்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். எதிர்வரிசையில் அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை.

பதினெட்டு, எட்டாகக் குறைந்தது. ஆறு கழிந்திருந்தது. அம்மா ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாதம் அவள் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணி வந்து உட்கார்ந்தாள். நரைத்திருந்தாள். அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"முதல் தடவையே தெரியும் அண்ணி."

"அன்னிக்கு நீதான் என் தலையைப் பிடிச்சிட்டிருந்தே. இவ ஒரு வார்த்தை கேட்டா எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன்."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அண்ணி கையமர்த்தினாள்.

"இப்போ வேண்டாம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. என் கோபம் ஆற அது பத்துமான்னு தெரியல. அதுக்காக வராம இருந்துடாதே."

அடுத்த மாதமும் போனாள். அண்ணி வந்து உட்கார்ந்தாள், அதிகம் பேசவில்லை. அதற்கடுத்த மாதமும் போனாள்.