கேட்டுக் கேட்டு நடந்த தடம்

அப்பீல் வக்கீலிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவர்கள். அதனால் என் ஆபீசில் சிரித்த முகம் எதிர்பார்க்க முடியாது. கீழ்க்கோர்ட்டில் இன்னொரு வக்கீல் கெடுத்துவைத்ததை நான் சரிக்கட்ட வேண்டும், அதுவும் அவர் விட்டுவைத்த சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு. புதுச் சாட்சி கிடையாது. புதுக் கதை கிடையாது. அங்கே என்ன பதிவாகியிருக்கிறதோ அதுதான் உலகம். இதைக் கட்சிக்காரர்களுக்குப் புரியவைப்பதிலேயே என் பாதி ஆயுசு போய்விட்டது. மீதி ஊட்டிக் குளிரில் போய்க்கொண்டிருக்கிறது.

மருதாசலம் வந்தது ஒரு மழைநாளில். கேத்தியில் ஒன்றரை ஏக்கரில் கேரட் போடுகிறவர், அறுபது வயசு. கதவைத் தட்டினார். "வாங்க" என்றேன். வாசலிலேயே நின்று, "உள்ள வரலாங்களா?" என்றார். வரச் சொன்னேன். "செருப்போட வரலாங்களா?" என்றார். உட்காரச் சொன்னேன். "இந்தச் சேர்ல உக்காந்துக்கட்டுங்களா?" என்றார். கட்சிக்காரர்களுக்கென்று என் ஆபீசில் இருப்பதே அந்த ஒரு சேர்தான். எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது. அந்த மனுஷன் தோற்றதற்குக் காரணமே இதுதான் என்று கேஸ் கட்டைப் பிரித்துப் படித்த பிறகுதான் தெரிந்தது.

விஷயம் ஒரு தடம். அவருடைய கேரட் காட்டிலிருந்து ரோட்டுக்கு வண்டி ஏற ஒரே வழி, பக்கத்து வீட்டு வாசலை ஒட்டிப் போகிறது. முப்பது வருஷமாக அவருடைய கேரட் மூட்டைகள் அந்த வழியாகத்தான் போயின. அந்த வீடு முன்பு எல்லப்பன் என்பவருடையது. அவர் காலமானதும் அவர் மகன் அதைக் கோயம்புத்தூர் கீர்த்திவாசனுக்கு விற்றுவிட்டான். கீர்த்திவாசன் பின்பக்கம் இரண்டு டூரிஸ்ட் காட்டேஜ் கட்டினார். பார்த்துக்கொள்ள அப்பா வேலாமணியைக் கொண்டுவந்து குடிவைத்தார். கொஞ்ச காலம் கழித்து, கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் காட்டேஜின் அழகைக் கெடுக்கிறதென்று தடத்துக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை, ஆனால் வீடு மகன் பேரில். கூடவே கீர்த்திவாசன் மருதாசலத்தின் காட்டைத் தானே வாங்கிக்கொள்வதாக ஒரு விலையும் சொன்னார். வழியில்லாத காட்டுக்கு என்ன விலை சொல்வார்களோ அந்த விலை.

தடம் இல்லாவிட்டால் மூட்டையைத் தலைச்சுமையாகச் செங்குத்து மேட்டில் ஏற்ற வேண்டும். ஆள்கூலி போக ஒன்றும் மிஞ்சாது. தடம் போனால் காடும் போய்விடும் என்பது மருதாசலத்துக்குத் தெரியும், கீர்த்திவாசனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இருபது வருஷத்துக்குக் குறையாமல், யாரும் தடுக்காமல், உரிமையோடு ஒருவர் ஒரு வழியில் போய்வந்தால் அந்த வழி அவருக்குச் சொந்த உரிமையாகிவிடும் என்கிறது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'உரிமையோடு' போயிருக்க வேண்டும். அனுமதி வாங்கிப் போனால் அது உரிமை இல்லை, சலுகை. சலுகை நூறு வருஷம் ஆனாலும் சலுகைதான். கேட்காமல் அடாவடியாகப் போகிறவனுக்கு வழி கிடைக்கும், கேட்டுவிட்டுப் போகிறவனுக்குக் கிடைக்காது. இந்தச் சட்டத்தை நான் எழுதவில்லை, என்னை முறைக்க வேண்டாம்.

கீழ்க்கோர்ட்டில் மருதாசலத்தைக் குறுக்கு விசாரணை செய்தவர் எதிர்த்தரப்பு வக்கீல் சாஜித். நல்ல மனுஷன், கேன்டீனில் என்னோடு டீ குடிப்பவர், கோர்ட்டுக்குள் கழுத்தை அறுப்பவர்.

"எல்லப்பன் வீட்டு வழியா போறப்ப அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போவீங்களா?"

"கேக்காம எப்படீங்க போறது?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையுந்தானுங்க."

"என்னன்னு கேப்பீங்க?"

"அப்படியே போய்க்கட்டுங்களான்னு கேப்பேனுங்க. போங்கம்பாருங்க. அப்பறம் கேட் பூட்டற வரைக்கும் வேலாமணியண்ணன்கிட்ட கேப்பேனுங்க. அவரும் போங்கம்பாருங்க."

சாஜித் அதோடு உட்கார்ந்துவிட்டார். வேறென்ன வேண்டும்? மருதாசலம் தன் கேஸைத் தானே வாழையிலை போட்டுப் பரிமாறிவிட்டார். வழக்கு தள்ளுபடி. அந்த ஜட்ஜைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"ஏனுங்ணா, கேக்காம போயிருக்கக் கூடாதா?" என்றேன்.

"அடுத்தவங்க ஊட்டு வாசலுங்க அம்மணி. மனுசன் உக்காந்திருக்கறப்ப மாடாட்டம் நம்ம பாட்டுக்குப் போறதுங்களா?"

"மாடாட்டம் போயிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"அப்ப சட்டம் மாட்டுக்குத்தானுங்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் வக்காலத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு வாதம். அவர் கேட்டது அனுமதி இல்லை, மரியாதை. அதைக் கீழ்க்கோர்ட் குழப்பிக்கொண்டது. இதற்குப் புதுச் சாட்சி தேவையில்லை, அவர் சொன்ன அதே பதில்களை வேறு விதமாகப் படித்துக் காட்டினால் போதும். அப்பீலில் எங்கள் பிழைப்பே இதுதான். அவர் மட்டும் இன்னொரு தடவை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

"ஹியரிங் அன்னைக்கு நீங்க வர வேண்டாம். உங்களுக்கு அங்க வேலையே இல்ல" என்றேன்.

"ஓரமா நின்னுக்கட்டுங்களா அம்மணி? காடு என்னாகுதுன்னு ஊட்ல உக்காந்துட்டு இருக்க முடியாதுங்க."

சரி என்றேன்.

அப்பீல் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அவரும் அவர் சம்சாரமும் மூட்டை சுமந்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். கீர்த்திவாசன் சொன்ன விலை ஒவ்வொரு மழைக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வாதம் நடந்த அன்று, "இன்னைக்குத் தோத்தா கிரயம் பண்ணிக் குடுத்தர்றதுன்னு ஊட்ல பேசிட்டமுங்க" என்றார்.

நான் எழுந்தேன். கீழ்க்கோர்ட் தீர்ப்பைப் படித்தேன், சாட்சியத்தைப் படித்தேன். பிறகு சொன்னேன்:

"ஐயா, 'தங்கள் அனுமதியோடு' என்று சொல்லித்தான் நான் வாதத்தை ஆரம்பித்தேன். தாங்கள் அனுமதி எதுவும் கொடுக்கவில்லை. நான் பாட்டுக்குக் கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்."

ஜட்ஜின் முகத்தில் எதுவும் அசையவில்லை. ஆனால் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். ஜட்ஜ் பேனா எடுத்தால் எந்த வக்கீலுக்கும் கொஞ்சம் தலைகால் புரியாமல் போகும். எனக்கும் போனது.

"இதுவும் அப்படித்தான் ஐயா. வெறும் வார்த்தை. பழக்கதோஷம். வாயில் வருவது, அதற்கு அர்த்தம் கிடையாது. எல்லப்பன் 'போகாதே' என்றே சொல்லியிருந்தாலும் என் கட்சிக்காரர் போய்க்கொண்டேதான் இருந்திருப்பார்."

"இல்லீங்க."

பின்னாலிருந்து வந்தது. திரும்பவே வேண்டியதில்லை, யாரென்று தெரியும். இருந்தாலும் திரும்பினேன். மருதாசலம் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு வார்த்தை பேசிக்கட்டுங்களா?" என்றார். ஜட்ஜ் பேசலாம் என்று சொல்லவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. "எல்லப்பண்ணன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தத் தடத்துல கால் வெச்சிருக்க மாட்டேனுங்க. இந்த அம்மணி என்னையக் காப்பாத்தோணும்னு சொல்லுது. ஆனா அது வெறும் வார்த்தை இல்லீங்க."

ஒரு வருஷ உழைப்பு, ஒன்றரை ஏக்கர் காடு, எல்லாவற்றையும் அந்த மனுஷன் மூன்று வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார். பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. அதே சமயம் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. காடு போனாலும் பரவாயில்லை, தன்னை அப்படிப்பட்ட ஆள் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்களே என்ற வருத்தம்தான் அதில் இருந்தது.

சாஜித் துள்ளி எழுந்தார். "ஐயா, கேட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டார்! வேண்டாம்னா போயிருக்க மாட்டாராம். இதுக்குப் பேர்தானே அனுமதி?"

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எதைக் கேட்டேன்?" என்றார்.

"இப்ப அவர் சொன்னதை, ஐயா."

"அவர் சாட்சிக் கூண்டில் இருக்காரா? சத்தியப் பிரமாணம் எடுத்தாரா? இது அப்பீல், மிஸ்டர் சாஜித். கீழ்க்கோர்ட்டில் பதிவானதைத்தான் நான் பார்க்க முடியும். வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு அங்கே நீங்க அவரைக் கேட்டீங்களா?"

சாஜித் தாள்களைப் புரட்டினார். முதலிலிருந்து கடைசிவரை, பிறகு கடைசியிலிருந்து முதல்வரை.

"கேக்கலைங்க ஐயா."

"ஏன் கேக்கலை?"

எனக்குத் தெரியும் பதில். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அவர் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டார்.

"கூடுதல் சாட்சியம் வேணும்னா மனு போடுங்க. அங்கேயே ஏன் கேக்க முடியலைன்னு காரணம் காட்டுங்க. நீங்க உக்காருங்க பெரியவரே."

"இங்கயே உக்காந்துக்கட்டுங்களா?" என்றார் மருதாசலம். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை.

புதுசாக எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் அப்பீலில் என் கட்சிக்காரர்கள் எல்லோரும் திட்டும் விதி. உண்மையைச் சொல்ல விடாத கோர்ட் என்ன கோர்ட் என்பார்கள். அன்றைக்கு அந்த விதி ஒரு உண்மையைக் கேட்க மறுத்து என் கட்சிக்காரரைக் காப்பாற்றியது. சாஜித் மனு போடவில்லை, காட்டக் காரணம் இல்லை.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. அப்பீல் அனுமதிக்கப்பட்டது. அடுத்தவர் வாசலைக் கடக்கும்போது ஒரு வார்த்தை சொல்வது இந்தப் பகுதி மக்களின் மரியாதை என்றும், மரியாதையை அனுமதி என்று எடுத்துக்கொண்டால் மரியாதை இல்லாதவர்களுக்கு மட்டுமே வழியுரிமை கிடைக்கும் என்றும் ஜட்ஜ் எழுதியிருந்தார். கேட்டைத் திறக்க வேண்டும், இனி தடுக்கக் கூடாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்குப் போய் அரைக் கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.

பிறகு மருதாசலத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அவங்க ஹைகோர்ட்டுக்கு ரெண்டாவது அப்பீல் போக மூணு மாசம் டைம் இருக்கு. அதுவரைக்கும் அந்த வாசல்ல வாயத் திறக்காதீங்க. புதுசா கேமரா மாட்டியிருக்காரு கீர்த்திவாசன், பேச்சும் பதிவாகும்."

"ஒரு வார்த்தை கூடங்களா?"

"ஒரு வார்த்தை கூட. கோர்ட்ல எந்திரிச்சுப் பேசினீங்களே, அது போதும்."

வாசலில் அவர் கேட்பதால் சட்டப்படி பெரிய சேதம் வராது. ஆனால் சாஜித் கையில் ஒரு வீடியோ கிடைத்தால் கூடுதல் சாட்சியம் என்று சென்னையில் மனு போடுவார், நான் மூட்டை முடிச்சோடு அலைய வேண்டும். மருதாசலம் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடத்தில் முதல் அறுவடை போவதை நான் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போனேன். பிக்கப்பை அவரே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் மூட்டைகள். கேட் விரியத் திறந்திருந்தது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குரங்குக் குல்லாவோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார் வேலாமணி. வண்டியைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். மருதாசலம் பார்வையைத் திருப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

"போங்க" என்றார் வேலாமணி.

யாரும் அவரைக் கேட்கவில்லை. இங்கிருந்தும் பதில் போகவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கையை உயர்த்திச் சத்தமாக, "மருதாசலம், போங்க போங்க" என்றார்.

"வெறும் வண்டில போறப்பவும் தெனமும் இப்படித்தானுங்க அம்மணி" என்றார் மருதாசலம். கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் கேக்கறதில்ல. அவரு சொல்லாம இருக்கறதில்ல. மூஞ்சியத் திருப்பிட்டுப் போறேன். என்னைய என்னன்னு நெனப்பாரு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெயித்துக் கொடுத்தவள் நான், இப்படி மூஞ்சியைத் திருப்பச் சொன்னவளும் நான். அதற்குள் என் கை கண்ணாடியை இறக்கிவிட்டது. தலையை வெளியே நீட்டி, "போயிட்டு வாரமுங்க!" என்று கத்தினேன்.

மருதாசலம் பிரேக் போட்டார். "அம்மணி, கேமரா இருக்குதுங்க!"

"இருக்கட்டும். நீங்களும் போய்ச் சொல்லுங்க. சென்னைக்கு நான் போய்க்கறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"ஏனுங்ணா, அப்படியே போய்க்கட்டுங்களா?"

வேலாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன நாளா எங்கீங்க போயிருந்தீங்க?" என்றார்.