கெலமங்கலம் ஸ்டேஷனில் ஒரு தொட்டில்

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். நாராயணப்பன், அவர் மனைவி மங்கம்மா, மகள் சரிதா, மருமகன் மணிகண்டன், நாராயணப்பனின் தங்கை ஜோதியம்மாள், தங்கையின் புருஷன் கரியப்பன். வேறு ஒரு ஆள் கிடையாது. "நானும் பக்கத்தில்தான் நின்றேன், கண்ணால் பார்த்தேன்" என்று கெலமங்கலம் டீக்கடைகளில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் கீழே ஷாமியானாவுக்குள் அடுத்த பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு மாடியில் நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் மணிகண்டன் கட்டிய புதுவீட்டுக்கு அன்று கிரகப்பிரவேசம். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறவன். குடியில்லை, சீட்டில்லை, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. நாராயணப்பன் தேடிப் பிடித்த மாப்பிள்ளை. அவனிடம் இருந்த ஒரே பழக்கம் பொம்மை ரயில். விரல் நீளத்துக்கு இன்ஜின், தீப்பெட்டி அகலத்துக்குப் பெட்டிகள், அவை ஓடுவதற்குத் தண்டவாளம். வாடகை வீட்டில் இருந்தவரைக்கும் எல்லாம் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. சொந்த வீடு வந்ததும் மாடியில் ஒரு அறை முழுவதையும் அதற்கென்றே விட்டுவிட்டான்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் சரிதாவுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களின் கண் முதலில் பொம்மை ரயிலுக்குப் போகும். பிறகு சரிதாவின் வயிற்றுக்கு. கடைசியில் நாராயணப்பனின் முகத்துக்கு வந்து நிற்கும். அவர் கெலமங்கலம் ஊர்க்கூட்டத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்காருகிறவர், யாரிடமும் கைநீட்டாதவர். அந்தக் கடைசிப் பார்வையை மட்டும் அவரால் பொறுக்க முடிந்ததில்லை. இரக்கப்படுவதற்கு இவர்கள் யார்? தன் வீட்டுப் பெண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

அதனால்தான் முந்தின வாரமே மருமகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்ள, அன்னிக்கு ஒருநாளு மேல் ரூம பூட்டிடுங்க. ஜனம் ஏறி எறங்கும். ஒடஞ்சி கிடஞ்சி போயிடும்."

"செரிங்க மாமா" என்றான் மணிகண்டன். சொன்னபடியே பூட்டியும் வைத்தான்.

திறந்தவள் சரிதா. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே மாடிக்கு வந்த ஜோதியம்மாள், "இன்னாடி இது, பால் காய்ச்சின வூட்ல ஒரு ரூமு பூட்டிக் கெடக்குது?" என்று கேட்டதுதான் தாமதம், இவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். நாராயணப்பன் மருமகனை முறைத்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அறைக்கு நடுவே கட்டில் உயரத்துக்கு ஒரு பெரிய பலகை. அதன்மேல் கெலமங்கலம் ஸ்டேஷன். மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் ஊர்ப்பெயர், சிமெண்டு பெஞ்சு, லெவல் கிராசிங், அந்தப்பக்கம் பாறைக்குன்று. குன்றின் பாறை நிஜக்கல். கிரானைட் அறுக்கிற இடத்திலிருந்து பொறுக்கிவந்த சில்லுகள். ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்களைப் பால் பாக்கெட்டை வெட்டிச் செய்திருந்தார்கள். ஸ்டேஷனை ஒட்டி ஒரு புளியமரம். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக்கம்பியை முறுக்கிக் கிளையாக்கி, சாயம் ஏற்றிய மரத்தூளை இலையாக ஒட்டியிருந்தது. பிளாட்பாரத்தில் அரிசிமணி உயரத்துக்கு ஜனங்கள். தலையில் கூடை வைத்தவள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், தூங்குகிறவன்.

நாராயணப்பன் அந்த அறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தினமும் கடந்துபோகிற ஸ்டேஷனை இப்படி மேலிருந்து குனிந்து பார்த்தபோது ஒரு நிமிஷம் கோபம் மறந்துபோனது உண்மை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மணிகண்டன் ஒரு திருகைத் திருப்பினான். நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இன்ஜின் குன்றுக்குப் பின்னால் போனது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கரியப்பன் கேட்க, அவன் குனிந்து பலகைக்கு அடியில் காட்டினான். அந்த இடைவெளியில் ஜோதியம்மாள் தன் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு மரத்தொட்டில். பிள்ளை இல்லாதவர்கள் கோயில் மரத்தில் கட்டுகிற, கைக்குள் அடங்குகிற தொட்டில். மஞ்சள் கயிறு, குங்குமம் எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். பொம்மைகளைச் சேர்த்து அடுக்குகிறார்கள் என்றால் அது பிள்ளை வரம் கேட்டு வைத்திருக்கிற வேண்டுதலாகத்தான் இருக்கும் என்பது அவள் முடிவு. யாரையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தொட்டிலைப் புளியமரத்தில் கட்டினாள். ஸ்டேஷன் பலகையில் குங்குமம் வைத்தாள்.

கம்பிமரம் பாரம் தாங்காமல் வளைந்தது. தொட்டில் தண்டவாளத்தின்மேல் இறங்கி உட்கார்ந்தது. குன்றைச் சுற்றி வந்த இன்ஜின் அதில் முட்டி நிற்க, முதல் பெட்டி தடம்புரண்டு பிளாட்பாரத்து ஆட்களைச் சாய்த்துப் போட்டது.

கரியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பேரன் ரயிலேறி வந்துட்டான் மச்சான்! எறக்கிக்கினு போங்க!"

யாரும் சிரிக்கவில்லை. மங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்ததும் நாராயணப்பனுக்கு உச்சந்தலை கொதித்தது. எல்லாம் கதவைத் திறந்ததால் வந்த வினை. மகளின் பக்கம் திரும்பி, அடிக்குரலில், "பூட்டி வைக்கத்தானே சொன்னன்?" என்றார்.

சரிதா சாய்ந்துகிடந்த கூடைக்காரியை நகத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்திருந்ததை அப்போதுதான் அவர் கவனித்தார்.

"இந்த ஜனமெல்லாம் நான் பண்ணது. மரம் நான் பண்ணது. எனுக்கு இது புடிச்சிருக்குது, அவ்ளோதான். வேற எதுக்கும் பதிலா பண்ணல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிறபடி. "அத்தை தொட்டில் கட்றாங்க. நீங்க பூட்டச் சொல்றீங்க. ரெண்டும் எனுக்கு ஒண்ணுதாம்ப்பா."

அந்தக் குடும்பத்தில் நாராயணப்பனிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னால் என்றால் கை ஓங்கியிருப்பார். இப்போது அங்கவஸ்திரத்தைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு பலகை அருகே போனார்.

"ஒரு கத்தி எடுத்தாரட்டுமா மாமா?" என்றான் மணிகண்டன்.

"வேணா மாப்ள."

ஜோதியம்மாள் மூன்று முடிச்சுப் போட்டிருந்தாள். தடித்த விரல்களால், நகத்தை உள்ளே கொடுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வெளியே ஹைவேயில் அத்திப்பள்ளிப் பக்கம் போகிற லாரிகளின் சத்தம் மட்டும் வந்தது. மரத்திலிருந்து ஒரு இலை உதிரவில்லை. கயிற்றைச் சுற்றி, தொட்டிலுக்குள் வைத்து, இரண்டு கையாலும் தங்கையிடம் நீட்டினார்.

"இது என் பொண்ணும் மாப்ளயும் பண்ண ஸ்டேஷனு. கோயில் இல்ல."

"நல்லதுக்குத்தாண்ணா பண்ணன்."

"உன்ன யாராவது கேட்டாங்களா?"

"கேக்கணுமா? ஒரே ரத்தம். எனுக்கு மனசு பொறுக்கல."

"உன் மனசு பொறுக்கலன்னா உன் வூட்ல போயி அழு. எம் பொண்ணு மேல கட்டாத."

ஜோதியம்மாளின் முகம் சுருங்கிப்போனது. தொட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கரியப்பன் பின்னால் போனான். "சாப்ட்டுப் போ ஜோதி" என்று மங்கம்மா படிவரைக்கும் ஓடினாள். அவர்கள் இலைக்கு உட்காரவே இல்லை.

நாராயணப்பன் திரும்பி மருமகனைப் பார்த்தார்.

"வண்டிய வுடுங்க."

"மரம் சாஞ்சிருக்குது மாமா. பெட்டி இடிக்கும்."

வளைந்த மரத்தை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்திக்கொண்டார். "இப்ப வுடுங்க."

சரிதா முந்தானை நுனியால் ஸ்டேஷன் பலகையின் குங்குமத்தைத் துடைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தங்கிவிட்டது. மணிகண்டன் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றித் திருகைத் திருப்பினான். குன்றுக்குப் பின்னாலிருந்து ரயில் வந்தது, அவர் விரல்களை உரசாமல் ஒட்டிப் போனது. மறுபடி வந்தது. கீழே பந்திக்கு அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் மரத்தை விடவில்லை.

இதற்குமேல் ஊர் கட்டிவிட்டதெல்லாம் பொய். தொட்டிலைக் காலால் எட்டி உதைத்தார் என்கிறார்கள். உதைக்கவில்லை, அது ஜோதியம்மாள் வீட்டு அலமாரியில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. இந்த வயதில் மண்டிபோட்டு ரயில் ஓட்டி விளையாடினார் என்கிறார்கள். நின்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசியாக ஒன்று. அந்தத் தொட்டில் பலித்துவிட்டது, சரிதா முழுகாமல் இருக்கிறாள், அதற்குள் குழந்தைக்குச் சாமான் வந்து இறங்குகிறது என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. போன வாரம் கூரியர்க்காரன் ஜூஜுவாடி வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் இருந்தது பொம்மைச் சரக்கு ரயிலின் கடைசியில் மாட்டுகிற, கார்டு உட்காருகிற பெட்டி. அதற்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.