கயித்துக்கு அக்கட்ட

வெளிநாடெல்லாம் எனக்கு ஆகாதுங்க. போயே ஆவோணும்னு ஒத்தக்கால்ல நின்னவரு என்ற ஊட்டுக்காரருதான். சேந்தமங்கலம் சுத்துவட்டாரத்துல எந்தத் தோட்டத்துல போர் போட்டாலும் மொதல்ல அவரத்தான் கூப்புடுவாங்க. உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சுக்கிட்டுக் காட்டச் சுத்தி நடப்பாரு. தேங்கா எந்திரிச்சு நின்னா அந்த எடத்துல தண்ணி இருக்குதுன்னு அர்த்தம். தண்ணி வராமப் போன போரப் பத்தி மட்டும் அவருகிட்டக் கேட்டரக் கூடாது. கோவம் பொத்துக்கிட்டு வந்துரும்.

மருமகன் சரவணக்குமாரு திருச்செங்கோட்டு ரிக் வண்டியக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயி, தென் அமெரிக்காவுல பெரு நாட்டுல போர் போடறாரு. எங்க மகளும் அங்கதான். கடலோரத்துல த்ருஹீயோன்னு ஊரு. அந்தப் பேரு என்ற வாயில நொழையறதுக்கே ரெண்டு நாளாச்சு. நெம்பப் பழைய ஊருங்க. நடு மைதானத்தச் சுத்தியும் மஞ்சளும் நீலமும் செவப்புமாப் பெரிய பெரிய ஊடுங்க, சன்னலுக்கெல்லாம் பூ வேலை செஞ்ச இரும்புக் கம்பி. சும்மா சொல்லக் கூடாது, அழகுதான்.

நாலாம் நாளு மருமகன் எங்க ரெண்டு பேரையும் சான் சான் பாக்கக் கூட்டிட்டுப் போனாரு. ஊருக்கு வெளிய, கடலுக்குக் கிட்ட, அந்தக் காலத்து ராசாக்க மண்ணுலயே கட்டுன நகரமாம். ஒவ்வொரு செவுரும் ரெண்டாள் மூணாள் உசரம். செவுரு பூராவும் மீனும் பறவையுமாச் செதுக்கியிருக்குது. "கயிறு கட்டுன வழியிலயே நடங்க அத்தை. அக்கட்ட போயிட்டா எல்லாச் செவுரும் ஒண்ணாட்டந்தான் இருக்கும்"ன்னாரு. அந்நேரம் பாத்து அவருக்கு ரிக்குல இருந்து போன் வந்துச்சு. சிக்னல் தேடி வாசப்பக்கம் போயிட்டாரு.

உள்ள ஒரு கொளம், கோரையும் தண்ணியுமாக் கெடக்குது. அதப் பாத்ததும் இவருக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. "ஏ புள்ள, சுத்தியும் மணலு, இங்க மட்டும் எப்பிடித் தண்ணி? நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்தரோணும்"ங்கறாரு. மறுநா ரிக் பூசைக்குன்னு வாங்குன தேங்கா என்ற பைக்குள்ள கெடந்துச்சு. எடுத்துக்கிட்டாரு. "வேண்டாங்க, ஆராச்சும் பாத்தாச் சிரிப்பாங்க"ன்னேன். கேட்டாத்தானே! கயித்தத் தாண்டி, கையில தேங்காயோட, குனிஞ்ச தல நிமிராமப் போறாரு.

வருவாரு வருவாருன்னு கயித்துகிட்டயே நின்னேன். பகல் பதினோரு மணி இருக்கும், கடல்ல இருந்து பனி எறங்குச்சு பாருங்க, எதுத்த செவுரே மங்கிப்போச்சு. "ஏனுங்க"ன்னேன். சத்தமில்ல. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நானும் கயித்தத் தாண்டிட்டேன்.

ஒரு சந்து. அதுக்குள்ள திரும்புனா இன்னொரு சந்து. மொதல்ல பாத்த மீனே மறுக்காவும் செவுத்துல நிக்குது. "ஏனுங்க... ஏனுங்க..."ன்னு கூப்புடறேன், என்ற குரலே செவுத்துல பட்டு எங்கெங்கயோ கேக்குது. ஒரு மூலையில தேங்கா மட்டும் மணல்ல உருண்டு கெடந்துச்சு. ஆளக் காணம். எங்கயாச்சும் விழுந்துட்டாரா, மாரடைச்சுப் போச்சா? நெனச்சா முந்தாநேத்து ராத்திரி ஞாவகம் வேற வருது. மக ஊட்டுல பாத்ரூம்முன்னு பீரோவத் தொறந்துக்கிட்டு நின்னாரு. புது ஊடு, பயணக் களைப்புன்னு நாங்க எல்லாருஞ் சிரிச்சோம். இப்ப எனக்குச் சிரிப்பு வல்ல.

கல்யாணமாயி நாப்பத்திரண்டு வருசத்துல அவரு பேர நான் சொன்னதே கெடையாதுங்க. ரேசன் கடையிலகூட அட்டையத்தான் நீட்டுவேன். அன்னிக்கு எனக்கு மானமும் இல்ல, மருவாதையும் இல்ல. "தங்கசாமீ!"ன்னு தொண்ட கிழியக் கத்துனேன். "ஏ தங்கசாமீ!"

"ஆரது?"ன்னு பக்கத்துச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கொரலு வந்துச்சு.

போன உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. செவுத்தத் தடவிக்கிட்டே சுத்திப் போனேன். செவுத்தோரமா உக்காந்திருந்தாரு. வேட்டியெல்லாம் மண்ணு. அடி ஒண்ணும் படல. நல்லா நாலு கேக்கோணும்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு பதறி எந்திரிச்சு, தோளுத் துண்ட எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாரு.

"அட, நம்மூருப் பேச்சாட்டமே இருக்குது! நீங்க எந்த ஊருங்க அம்மிணி?"

வெளையாடறாருன்னு நெனச்சேன். "எகத்தாளம் பண்றதுக்கு நேரமாங்க இது?"ன்னு சத்தம் போட்டேன். அவரு சிரிக்கல. என்ற மூஞ்சிய உத்து உத்துப் பாக்கறாரு. அந்தக் கண்ணுல என்னையத் தெரிஞ்ச மாதிரி ஒண்ணுமே இல்லைங்க. செவுத்தப் புடிச்சுக்கிட்டேன்.

"மோகனூருங்க"ன்னேன்.

"அப்பிடிங்களா! என்ற ஊட்டுக்காரியும் மோகனூருதானுங்க. மயிலம்மாள்னு பேரு. எங்கூடத்தான் வந்தா. இந்தச் செவுத்துக்குள்ள எங்கயோ மாட்டிக்கிட்டா, காணம். அவ பயந்த புள்ளைங்க, பாசையும் தெரியாது. நானும் அப்பப் புடிச்சுத் தேடறேன்." சொல்லச் சொல்லவே அவரு கண்ணு கலங்குது. "கொஞ்சம் கூட வந்து தேடிக் குடுங்க அம்மிணி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"சரிங்க, வாங்க, தேடலாம்"ன்னு அவரு கையப் புடிச்சுக்கிட்டேன்.