முதல் ஊதல் என்னுடையது

கருவி இருபத்தாறு என்று காட்டியபோது காலை மணி ஐந்து பத்து. ஊதும் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகி மறுபடி ஊதினேன். இருபத்தைந்து. எண் பெரிதாக இருந்ததால் கொஞ்சம் பயந்துபோய், இழுப்பறையில் கிடந்த இன்னொரு கருவியையும் எடுத்து ஊதினேன். அதுவும் இருபத்தைந்து. இரண்டையும் செய்தது ஒரே தொழிற்சாலை, அதனால் இரண்டுக்கும் ஒரே கோளாறு என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

என் வேலை இதுதான். பஸ் டிப்போவில் வாசலை ஒட்டிய அறையில் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வண்டி எடுக்க வரும் ஒவ்வொரு டிரைவரும் அந்த ஜன்னலில் நின்று ஊத வேண்டும். பூஜ்யம் வந்தால் சாவி. வேறு எந்த எண் வந்தாலும் அன்றைக்கு வீடு. அவர்களுக்கு முன்னால், கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதகர் ஊத வேண்டும். குடிக்காத ஆள் ஊதினால் பூஜ்யம்தானே வர வேண்டும். பதிவேட்டில் தினமும் முதல் வரி என்னுடையது. பரிசோதகர்கள் குடிக்க மாட்டார்கள் என்று இந்த விதியை எழுதிய மகானுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

ஒன்பது வருஷமாக இந்த டிரைவர்களைப் பார்த்து எனக்கு மிச்சமானது இளக்காரம் ஒன்றுதான். ஒருவன் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வருவான். ஒருவன் வாய் நிறையப் பற்பசையோடு வந்து நிற்பான். மாட்டிக்கொண்டால் இருமல் மருந்து என்பான், பழுத்த வாழைப்பழம் என்பான். "பக்கத்துல படுத்திருந்த மச்சான் குடிச்சிருந்தான் சார், அந்தக் காத்துதான்" என்று ஒருவன் சொன்னான். பொய் சொல்லக்கூட வக்கில்லாத கூட்டம். முதுகுக்குப் பின்னால் எனக்கு மோப்பம் என்று பெயர். எனக்கு அதில் பெருமைதான்.

நான் குடிப்பது அந்த ரகமில்லை. வேலை முடிந்து, கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தம்ளரில் ஊற்றிக் குடிக்கிறவன் நான். தெருவில் விழுந்ததில்லை. யார் மேலும் கை வைத்ததில்லை. ஒரு நாள் லீவு போட்டதில்லை. இரண்டு தம்ளர்தான் என் அளவு. போன வருஷம் தம்ளரைத்தான் பெரிதாக மாற்றினேன், அளவை மாற்றவில்லை. மூன்று வாரம் முன்பு காலையில் மனைவி கேட்டாள்.

"நேத்து பேசினது ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம?"

"அப்ப எத்தன மணிக்குக் கிளம்பணும், சொல்லுங்க."

"உனக்கு எது வசதியோ அப்பக் கிளம்பலாம்."

பிறகு அவள் மட்டும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள், சாயங்காலம் அழுத கண்களோடு திரும்பி வந்தாள். எங்கே போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. அவள் அம்மா வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ, சாவோ, என்னவோ. இப்படி ஒரு பிழைப்பு.

அந்த வாரத்திலிருந்துதான் கருவியும் வம்பு செய்யத் தொடங்கியது. ஒரு நாள் ஒன்பது, இன்னொரு நாள் பதினொன்று. "கருவி பழுது" என்று எழுதி ஸ்டோருக்கு அனுப்பினேன். அங்கிருக்கும் மெக்கானிக் "கோளாறு எதுவும் இல்லை" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினான். அவன் எதைப் படித்துப் பாஸ் செய்தானோ என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் மற்றக் கருவியை எடுத்து, நான் ஊதாமலேயே முதல் வரியில் பூஜ்யம் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இன்று இரண்டு கருவியுமே கோளாறு என்பதால் அதற்கும் வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றுவிட்டது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கருவி இருபத்தைந்து கூடுதலாகக் காட்டுகிறது, எனவே ஒவ்வொருவர் எண்ணிலும் இருபத்தைந்தைக் கழித்துவிட வேண்டியது. அதை அப்படியே பதிவேட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

முதலில் நின்றவன் கொட்டாவி. காலையில் அவன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. ஊதினான். இருபத்தொன்று. எண்ணைப் பார்த்ததுமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"எங்கய்யா போற? சாவிய எடு."

"இருபத்தொண்ணு காட்டுதே சார்."

"அது அப்படித்தான் காட்டும். எனக்கே இருபத்தஞ்சு காட்டுது."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனான். பெரிய மனசு பண்ணியவனைப் போல நான் அவனுக்குப் பூஜ்யம் எழுதினேன்.

அடுத்தவர் பச்சைத்தண்ணி. டீகூடத் தொடாத மனிதர் என்பதால் டிப்போவே வைத்த பெயர். ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கிறது. நிதானமாக ஊதினார். பூஜ்யம்.

"இன்னொரு தடவ ஊதுங்கண்ணே."

பூஜ்யம். மற்றக் கருவியில் ஊதச் சொன்னேன். அதிலும் பூஜ்யம்.

"என்ன சார், ஏதாவது காட்டுதா?"

"இல்லண்ணே. ஒண்ணும் காட்டல."

என் கணக்குப்படி அவர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்தில் இருக்க வேண்டும். அதை எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன் என்பதுதான் கேவலம். பேனா தாளில் பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கருவி இரண்டும் சரி. மெக்கானிக் சரி. கோளாறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

கொட்டாவியின் வண்டி ஷெட்டிலிருந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. டிப்போ வாசல்தான் அதன் முதல் நிறுத்தம், அங்கே ஆட்கள் ஏறுவார்கள். வண்டியை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், பதிவேட்டைப் புரட்டுவார்கள், என் கையெழுத்திலேயே எல்லாம் இருக்கிறது. வேலை போய்விடும். நிறுத்தாவிட்டால் அவன் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுவான். இருபத்தொன்று ஒரு பெரிய விஷயமா, ஓட்டிவிடுவான் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதே பேச்சை எத்தனை பேர் பேசி, எத்தனை பேரை நான் நாய் மாதிரி விரட்டியிருக்கிறேன். த்தூ.

"சார், சாவி" என்றார் பச்சைத்தண்ணி. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் போய்க் கையைக் காட்டினேன். கொட்டாவி பிரேக் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"கீழ இறங்குய்யா."

"நீங்கதானே சார் சாவி குடுத்தீங்க."

"தப்பாக் குடுத்துட்டேன்."

"மெஷின் கோளாறுன்னீங்க?"

வண்டிக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றேன்.

அவன் இன்ஜினை அணைத்தான். முட்டாள் இல்லை. இறங்கி வந்து என் எதிரில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "அப்ப நீங்களும் வீட்டுக்குத்தானா சார்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். சொந்தக்காரனை விசாரிப்பது போல அல்லவா கேட்டான்.

வேறு வண்டி வரும் என்று யாரோ சொல்ல, பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கத் தொடங்கினார்கள். முதலில் வந்த பெண் எங்கள் இருவருக்கும் நடுவே நடந்தபோது துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். கொட்டாவி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, தூரத்தில் சுவரோரம் போய் நின்றான். நான் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அடுத்து இறங்கியவர் என்னருகே வந்ததும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.