நர்ஸ் அணைத்த விளக்கு

நர்ஸ் இறந்து எழுபத்து இரண்டு நாள் ஆகியும், அவள் கடைசியாக அணைத்துவிட்டுப் போன சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் அணைந்த நிலையில்தான் இருந்தது. அதற்காக மீட்டரில் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அவள் கைபட்ட விளக்குகள் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் கணவர் செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்துபவர். அச்சில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடும் மனிதருக்கு, தான் எழுந்து வந்த அறையில் விளக்கும் மின்விசிறியும் சும்மா ஓடுவது மட்டும் கண்ணில் படாது. நர்ஸ் டியூட்டி முடிந்து வந்ததும், தோளில் தொங்கும் பையைக்கூட இறக்காமல் அறை அறையாகப் போய் அணைப்பாள். "யாருக்குங்க எரியுது?" என்பாள். இருபது வருடமாக அதே கேள்விதான். மகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரித்த காலம் அது. போதாததற்கு, ஊருக்கு வெளியே இருந்த அனல்மின் நிலையத்தின் சாம்பல், மாடிக் கொடியில் காயும் அவளுடைய வெள்ளைச் சீருடையில் தினமும் வந்து விழும். இரண்டு தடவை அலசினாலும் போகாது. "பாருங்க, நேத்து நீங்க எரியவிட்டதுதான் இன்னிக்கு என் காலர்ல வந்து உக்காந்திருக்கு" என்று உதறிக் காட்டுவாள்.

வார்டில் நோயாளிகளைத் திடுக்கிட வைக்காமல் விளக்கணைத்துப் பழகிய கை. காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையைச் சுவிட்சின் மேல் ஒரு நொடி வைத்திருந்து, பிறகு சத்தமில்லாமல் அழுத்துவாள். ஆரம்பத்தில் விளக்கு ஒரு நொடி தயங்கி அணைந்தது. ஐந்தாம் வருடம் ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கும் நேரம் நின்றது. பத்தாம் வருடத்திலிருந்து, மாலையில் ஒரு நிமிடம் போட்டு அணைத்தால் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை வெளிச்சம் போதும். கணவர் அணைத்தால் மட்டும் பட்டென்று இருட்டு. "விளக்குக்குக்கூட ஆள் தெரியுதுப்பா" என்று மகள் கேலி செய்வாள். ஒருமுறை மின்வாரியத்திலிருந்து, மின்சாரத் திருட்டு என்று சந்தேகப்பட்டுச் சோதனைக்கு வந்தார்கள். அதிகாரி ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எரிகிற விளக்கின் கீழேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார். தாளில் 'பழுதில்லை' என்று எழுதினார். போகும்போது, "எங்க வீட்டுக்கும் ஒருநாள் வந்து அணைச்சுட்டுப் போங்கம்மா" என்றார்.

ஒரு காலையில் வயிற்றுவலி என்று, தான் வேலைபார்த்த மருத்துவமனைக்கே கிளம்பினாள். கிளம்புமுன் சமையலறை விளக்கை அணைத்தாள். பன்னிரண்டாம் நாள் அங்கேயே இறந்துபோனாள்.

அதன்பிறகு கணவருக்கு வீட்டில் அணைப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. கீசரை நிறுத்தினார். பிரிட்ஜைக் காலிசெய்து கதவைத் திறந்து வைத்தார். மின்சாரம் ஓடினால் மினுங்கும் மீட்டரின் சிவப்புப் புள்ளி அசையாமல் கிடந்தது. சமையலறையில் நாற்காலி போட்டு, அவள் வெளிச்சத்தில் பிழை திருத்தினார். மகள் சுவிட்சின் மேல் 'தொடாதீங்கப்பா' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனாள். அணைந்திருக்கும் சுவிட்சை யாராவது போட்டுவிட்டால் திரும்ப அணைக்க வேண்டும். அவர் கை அணைத்தால் பட்டென்று போய்விடும். அவள் விட்டுப்போன வெளிச்சத்துக்கு இருந்த ஆபத்து அவ்வளவுதான்.

எழுபத்து மூன்றாம் நாள் மாலை காகிதம் உதிர்ந்து கீழே கிடந்தது. வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்தவர், ஆளில்லாத சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்தார். காலம்போன காலத்தில் பழகிய பழக்கம், கை தானாக நீண்டது. டக். வெளிச்சம் மாறவில்லை. வாசலில் மீட்டரின் சிவப்புப் புள்ளி மினுங்க ஆரம்பித்தது.

மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா லைட்ட நான் போட்டுட்டேன்மா."

"அணைச்சிட்டீங்களா?"

"இல்ல. போட்டுட்டேன்."

"அப்ப அப்படியே விட்டுடுங்கப்பா. பில்லு நான் கட்டுறேன்."

"பில்லு கெடக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

விளக்கு ஒன்பது நாள், இரவும் பகலும், மின்சாரத்தில் எரிந்தது. ஒன்பதாம் நாள் அவர் நர்ஸின் கடைசிச் சீருடையைத் துவைத்துப் போட்டார். வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மாலையில் எடுக்கப் போனபோது காலரில் சாம்பல் இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"யாருக்கு எரியுதுன்னு கேப்ப. எனக்குத்தான்னு சொன்னா ஒத்துக்குவியா?" என்றார்.

ஒத்துக்கொள்ள மாட்டாள். அது அவருக்குத் தெரியும். உள்ளங்கையைச் சுவிட்சின் மேல் வைத்தார். ஒரு நொடி என்று நினைத்தது நெடுநேரம் ஆனது. சத்தமில்லாமல் அழுத்தினார். அழுத்தியதும், இருட்டைப் பார்க்க மனமில்லாமல் திரும்பிக் கூடத்து நாற்காலியை நோக்கி நடந்தார். அவருடைய நிழல் அவருக்கு முன்னால் தரையில் நீண்டு போனது. பதினோராவது எட்டில் நாற்காலியைத் தொட்டார். அப்போதுதான் விளக்கு அணைந்தது.

மறுநாள் காலரை இன்னொரு முறை அலசினார். சிவப்புப் புள்ளி அசையாமல் கிடந்தது. மகள் வரும்போதெல்லாம் மாலையில் அவரை அணைக்கச் சொல்லி, கூடவே நடந்து எண்ணுகிறாள். போன மாதம் பன்னிரண்டு எட்டு. இந்த மாதம் பதினான்கு. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.