இரண்டாவது மெத்தை

“எத்தனை எலும்புங்க சிஸ்டர்?”

“மூணு சார்.”

“எக்ஸ்ரேல நாலுன்னு போட்டிருக்குதுங்களே?”

“நாலாவது ஒடையல சார். லேசான விரிசல்தான்.”

“எங்க பனியன் கம்பெனில ஓட்டையும் கிழிசலும் ஒண்ணுதானுங்க. ரெண்டுமே ரிஜெக்ட்டு.” மகுடேஸ்வரன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதில் என்ன இருக்கிறதென்று விஜயராணிக்குத் தெரியும். ரிசப்ஷனில்தான் அவர் அதை ஜெராக்ஸ் எடுத்திருந்தார். ‘நர்ஸ் விஜயராணி கட்டில்மேல் ஏறி நெஞ்சை முரட்டுத்தனமாக அமுக்கி எலும்பை உடைத்ததால் என் தந்தை சுப்பையன் நினைவிழந்து கிடக்கிறார்.’ நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி எம்.டி. வருவார். அந்தக் காகிதம் அவர் மேசைக்குப் போனால் வேலை போய்விடும். அதன்பிறகு திருப்பூரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

அவளுடைய உசிலம்பட்டியில் கோபம் வந்தால் சத்தம் வரும். சத்தம் ஓய்ந்தால் கோபமும் ஓய்ந்ததென்று அர்த்தம். இங்கே ஒருவர் ‘ங்க’ போட்டுப் பேசும்போது உள்ளே என்ன ஓடுகிறதென்று இரண்டு வருடமாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று நாளாக இவர் வார்டு வாசலிலேயே நின்று அவள் ஊசி போடுவதையும், சார்ட்டில் எழுதுவதையும், கை கழுவுவதையும்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு கேக்கோணுங்க. எங்கூட்டு மெத்தை எங்கீங்க?”

“ஸ்டோர்ல இருக்கு சார்.”

“எதுக்குங்க ஒளிச்சு வெச்சீங்க?”

“ஒளிக்கல சார். எடுத்து வச்சோம்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொன்னீங்கன்னா தெரிஞ்சுக்குவேனுங்க.”

மெத்தையைப் பற்றி வீட்டாரிடம் சொல்ல வேண்டாம், சண்டை வரும் என்றுதான் டாக்டர் ராபினும் சொல்லியிருந்தார். அட்மிஷன் அன்றே, கட்டிலில் இருக்கிற மெத்தையே போதும் என்று அவள் சொன்னாள். அப்பா முதுகுவலிக்காரர், வீட்டு மெத்தையில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று சொல்லி மகுடேஸ்வரன் அதைக் கேட்கவில்லை. புதிதாக அடித்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கம்பெனி வேனில் வந்து, ஆஸ்பத்திரி மெத்தைக்கு மேலேயே ஏறிக்கொண்டது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சுப்பையனின் இதயம் நின்றது. ராபின் ஓடிவந்து நெஞ்சை அமுக்கினார். ஒவ்வொரு அமுக்குக்கும் பெரியவர் முழு உடம்போடு மெத்தைக்குள் இறங்கி, முழு உடம்போடு மேலே வந்தார், வாய்க்காலில் மிதக்கும் தேங்காய்போல. கழுத்தில் விரல் வைத்திருந்த விஜயராணிக்கு நாடி தட்டவேயில்லை. பலகையைத் தேடி எடுத்து, ஆளைப் புரட்டி, முதுகுக்கடியில் செருகுவதற்குள் இரண்டரை நிமிடம் போய்விட்டது. கட்டிலை இறக்கும் கைப்பிடி சுழலவில்லை. ராபினுக்குக் கை ஓய்ந்திருந்ததால் அவள் மாறினாள். அவள் குள்ளம். கட்டில்மேல் முழங்காலிட்டு, கைகளை நேராக நீட்டி அமுக்கினாள். பத்தாவது அமுக்கில் எலும்பு உடைவது உள்ளங்கையில் தெரிந்தது. அதே நேரத்தில் ராபினின் விரலுக்கு நாடியும் தட்டியது. இதயம் திரும்பிவிட்டது. கண்தான் இன்னும் திறக்கவில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் நினைத்தாள். “மெத்தையாலதான் சார். முதல்ல அமுக்குனது பூராவும் மெத்தைக்குள்ள போயிருச்சு. நெஞ்சுக்குப் போகல, மூளைக்கு ரத்தமும் போகல.”

அவர் சிரித்தார். “நல்லாருக்குதுங்க. மனுசன்மேல பழி போட்டா திருப்பிக் கேப்பான். மெத்தை கேக்காது பாருங்க.”

“வேணும்னா நீங்களே அமுக்கிப் பாருங்க சார்.”

அதை அவர் எதிர்பார்க்கவில்லை.  காருக்குப் போய், இறுக்கிக் கட்டிய பனியன் துணிப் பண்டல் ஒன்றையும் இஞ்ச் டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். “நானேதான் அமுக்குவேனுங்க. அளவும் நான்தான் பாப்பேன். நீங்க டேப்பைப் புடிச்சாப் போதும்.”

பக்கத்து அறையில் கட்டில் காலியாக இருந்தது. அட்டெண்டர் இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து போட்டதும், மகுடேஸ்வரன் தையலைத் தடவி, தன்னுடையதுதானா என்று முதலில் பார்த்தார். அட்டெண்டரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நடுவில் பண்டலை வைத்து அளந்தார். ஒன்பது இஞ்ச் கனம்.

“எவ்வளவு இறங்கோணுங்க?”

“ரெண்டு இஞ்சுக்குக் கொறையக் கூடாது சார். நிமிஷத்துக்கு நூறு தடவையாவது. அமுக்குன கையை முழுசா விட்டுட்டுத் திரும்ப அமுக்கணும்.”

ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து அவர் அமுக்கினார். அவருடைய கை நான்கு இஞ்ச் கீழே போனது. குனிந்து டேப்பைப் பார்த்தார். பண்டல் எட்டேகால் இஞ்சில் நின்றது.

“டேப்பை நேராப் புடிங்க.”

“நேராத்தான் சார் இருக்கு.”

மறுபடி அமுக்கினார். மறுபடியும் எட்டேகால். அவளிடமிருந்து டேப்பை வாங்கி அதன் நுனி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். முப்பது எண்ணுவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் பண்டல் ஒன்றும் ஆகாததுபோல மெத்தையோடு போய் மெத்தையோடு வந்தது.

விஜயராணி பண்டலுக்கடியில் பலகையைச் செருகினாள். “இப்ப அமுக்குங்க.”

ஏழு இஞ்ச்.

அவர் இன்னொரு முறை அமுக்கவில்லை. டேப்பை ஆள்காட்டி விரலில் சுற்ற ஆரம்பித்தார். முழுவதும் சுற்றிவிட்டு, பிரித்து, மறுபடி சுற்றினார். காகிதத்தைக் கிழிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கை சட்டைப் பை பக்கம் போகவில்லை.

“இது யாருக்கெல்லாம் தெரியுங்க?”

“எனக்கும் ராபின் சாருக்கும். கேஸ் ஷீட்ல எழுதியிருக்கேன்.”

“கேஸ் ஷீட்லயா?” அவர் முதன்முறையாக ‘ங்க’ போட மறந்தார். “என்னன்னு?”

“ரெண்டு மெத்தை இருந்துச்சுன்னு. எடுக்கச் சொல்லியும் ஒத்துக்கலைன்னு.”

வெளியே பெஞ்சில் அவருடைய அம்மா முத்தாத்தாள், பார்க்க வந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கதவு வழியே கேட்டது. “மேல ஏறி முட்டி போட்டு அமுக்கியிருக்கறா. அந்தத் தெக்கத்திப் புள்ளதான். எம் பையன் உடமாட்டான் பாருங்க.”

மகுடேஸ்வரன் கதவையும் விஜயராணியையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று நாளாக அவளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் இப்போது அவள் வாயையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

“எங்கம்மா மெத்தை வேண்டாம்னுதானுங்க சொன்னாங்க. ஆஸ்பத்திரில ஆயிரம் இருக்கும், அவங்க சொல்றதைக் கேளுன்னு. நான்தானுங்க…” குரல் தணிந்தது. “எங்கய்யன் கண்ணு முழிக்கலீன்னா அந்தம்மா ஆயுசுக்கும் என்ற மூஞ்சில முழிக்காதுங்க.”

“அதுக்கு நான் என்ன சார் செய்யணும்?”

“இப்ப உள்ள வருவாங்க. உங்ககிட்டத்தான் கேப்பாங்க. அய்யன் முழிக்காதது எலும்பு ஒடஞ்சதாலதான்னே இருக்கட்டுங்க. எம்.டி.கிட்ட நான் பேசிக்கறேன், உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நீங்க மறுத்துப் பேசாம நின்னாப் போதும்.”

வளையல் சத்தம் கதவருகே வந்துவிட்டது. அவர் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்.”